எதிர்ப்பக்கத்து மைக்

“மூடலாம்னு சொல்றவங்க இடது பக்க மைக்குக்கு வாங்க. மூடக்கூடாதுன்னா வலது பக்கம். அங்க ஒருத்தர், இங்க ஒருத்தர்னு மாறி மாறித்தான் பேசணும். ஒரு மைக் காலியாயிட்டா பேச்சு முடிஞ்சுது, நேரா ஓட்டுதான்” என்றார் பேராயர் அம்மா.

லோர்னாவின் கையிலிருந்த காகிதம் வியர்வையில் நைந்துபோயிருந்தது. வலது பக்க வரிசையில் அவள் மூன்றாவது ஆள்.

திருமண்டலப் பெருமன்றம் வருஷத்துக்கு ஒரு தடவை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் சபைப் பிரதிநிதிகள் வந்து அந்த ஓட்டல் மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். பதினான்காம் தீர்மானம், வில்லோ பென்ட் ஊரிலுள்ள தூய பர்னபா ஆலயத்தை மூடிவிடுவது. லோர்னாவின் ஆலயம்.

“கமிட்டியே மூடலாம்னு எழுதிக் கொடுத்துடுச்சு. எல்லாரும் யோசிக்காம பச்சை அட்டையைத்தான் தூக்குவாங்க. நீ பேசினாத்தான் உண்டு” என்றாள் கூட வந்திருந்த வின்னி.

“எனக்கு மைக்ல பேசிப் பழக்கமே இல்லை வின்னி. நீயே பேசிடேன்.”

“நானா? நான் வாயைத் திறந்தா நம்ம கோவிலோட சேர்த்துப் பேராயர் அம்மா வீட்டையும் மூடிடுவாங்க!”

கமிட்டித் தலைவர் இடது மைக்கில் பேசி முடித்தார். வலது மைக்கில் ஒருவர் பேசினார். இடது மைக் காலி.

“அந்தப் பக்கம் யாரும் இல்லையா? அப்போ...” என்று பேராயர் அம்மா இழுத்தார்.

எதிர்த்துப் பேச ஆளில்லை! தானும் பேச வேண்டியதில்லை! லோர்னாவுக்கு உயிர் வந்தது.

“இருங்க, இருங்க. நான் இருக்கேன்.”

பெரிய நகரத்துச் சபையின் மேசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் ஹோபர்ட். நல்ல உயரம், விலையுயர்ந்த கோட்டு. ஆடி அசைந்து இடது மைக்குக்கு வந்தார்.

“நான் அந்தக் கோவிலுக்குப் போயிருக்கேன். கூரை நாலு இடத்துல ஒழுகுது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பதினேழு பேர். இதையெல்லாம் எல்லாரும் நல்லா யோசிக்கணும்.”

“வந்து கூரை ஓட்டையை எண்ணிட்டுப் போயிருக்கான் பாரு” என்று பல்லைக் கடித்தாள் வின்னி.

லோர்னா கண்ணை மூடினாள். ‘ஆண்டவரே, அந்த மனுஷனோட வாயைக் கட்டிப்போடும். அவர் பக்கத்திலிருந்து இனி ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.’

வலது பக்கம் இரண்டாவது ஆள் பேசினார். இடது மைக் மறுபடியும் காலி. பேராயர் அம்மா மறுபடியும் வாயெடுத்தார்.

ஹோபர்ட் தன் மனைவியை முழங்கையால் இடிப்பதை லோர்னா பார்த்துவிட்டாள். அந்த அம்மாள் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு மைக்குக்கு ஓடினாள்.

“அந்த ஊருக்குப் போற வழியில நாப்பது மைலுக்கு ஒரு கழிப்பறை கூட இல்லைங்க. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. லோர்னாவின் காது சூடாகிவிட்டது.

“வலது பக்கம், அடுத்தவர்.”

அடுத்தவர் அவள்தான். காகிதத்தை விரித்தாள். ஓர் எழுத்தும் புரியவில்லை. மடித்துப் பைக்குள் போட்டாள்.

“கூரை ஒழுகுதுதான். நாலு இடம் இல்லை, அஞ்சு. அந்த ஐயா சரியா எண்ணலை” என்றாள். “எந்த வாளியை எங்க வைக்கணும்னு எங்களுக்குத் தெரியும். அந்த வாளிகளுக்கு நடுவுலதான் செவ்வாய்க்கிழமைதோறும் எழுபது பேருக்குச் சூப்பும் ரொட்டியும் போடறோம். பள்ளிக்கூடம் போயிடுச்சு, மளிகைக்கடை போயிடுச்சு. ஊர்ல விளக்கு எரியற ஒரே கட்டடம் அதுதான். பதினேழு பேர்னு சொன்னார். ஆமா. அதுல ஒருத்தர் வரலைன்னா, ஆராதனை முடிஞ்ச அரை மணியில அவங்க வீட்டுக் கதவைத் தட்டுவோம். உங்க பெரிய கோவில்ல ஒருத்தர் வரலைன்னா எத்தனை வாரம் கழிச்சுத் தெரியும்?”

யாரும் சிரிக்கவில்லை. இடது மைக்குக்கு யாரும் வரவும் இல்லை.

“ஓட்டு. மூடறதுக்குப் பச்சை, கூடாதுன்னா சிவப்பு.”

லோர்னா தலையைக் குனிந்துகொண்டாள். வின்னி அவள் தோளை உலுக்கினாள்.

“அடியே, அங்க பாரு!”

மண்டபமெங்கும் சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்தன. ஹோபர்ட்டின் மேசையில் மட்டும் பச்சையே இல்லை. அவர், அவர் மனைவி, கூட இருந்த இருவர், நாலு கையிலும் சிவப்பு.

பதினொரு அட்டை வித்தியாசத்தில் ஆலயம் தப்பியது.

லோர்னா நேரே அந்த மேசைக்குப் போனாள்.

“மூடணும்னு பேசிட்டு, ஓட்டை மட்டும் எங்களுக்குப் போட்டீங்களே ஐயா?”

“மூடணும்னு நான் எங்கம்மா சொன்னேன்? ஒழுகுதுன்னுதானே சொன்னேன்.” ஹோபர்ட் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே சிரித்தார். “நீங்க வரிசையில மூணாவதா நின்னீங்க. இடது மைக் காலியா இருந்திருந்தா, உங்க முறை வர்றதுக்குள்ள பேச்சை முடிச்சிருப்பாங்க.”

லோர்னாவுக்குச் சற்று முன் செய்த ஜெபம் நினைவுக்கு வந்தது.

நல்லவேளை, ஆண்டவர் அதைக் கேட்கவில்லை.