களத்தில் கிடந்தது

வேதகிரி தோளில் சுமந்து வந்த சிபியுவை உத்திரமேரூர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஓடவிட்டுப் பார்த்தான் தினேஷ்குமார்.

“ஹார்ட் டிஸ்க் நல்லாக் கீதுண்ணா. உங்க பொண்ணு போட்டோல்லாம் பத்திரமாக் கீது.”

“கடைசியா லெட்டர் ஒண்ணு டைப் பண்ணாளே?”

தேடினான். இல்லை.

“சேவ் பண்ணலண்ணா. சேவ் பண்ற வரைக்கும் மெமரியிலதான் இருக்கும். மெமரி நெல்லுக் களம் மாதிரி, ஹார்ட் டிஸ்க் குடோன். மூட்ட கட்டி குடோன்ல வெக்கலன்னா மழையில பூடும். இங்க கரண்ட் போனா பூடும்.”

“அவ செத்ததுலேர்ந்து மூணு நாளா ஆஃப் பண்ணவேயில்லப்பா. ஸ்கிரீன்ல அப்டியே இருந்துச்சி.”

“அப்ப எப்டிண்ணா ஆஃப் ஆச்சு? அதுல இன்னா எழுதியிருந்துச்சி?”

வேதகிரி சிபியுவைத் தடவினார்.

“எனுக்குப் படிக்கத் தெரியாதுப்பா. ஊர்ல யாருக்கும் காட்ட மனசு வரல. நீ படிச்சிச் சொல்லுவன்னுதான் ஒயரப் புடுங்கித் தூக்கியாந்தேன்.”