நெட்டையன் கேட்ட லீவு

நெட்டையனின் பெரியப்பா மறுபடியும் செத்துப் போனார்.

போன வருஷமும் இதே விடுமுறை வாரத்தில்தான் செத்தார். அதற்கு முந்தின வருஷம் செத்தது சித்தப்பா என்று சிலரும், இல்லை, அப்போதும் பெரியப்பாதான் என்று சிலரும் ஓட்டல் சமையலறையில் பட்டிமன்றமே நடத்தினார்கள்.

சூப்பர்வைசருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. யாருக்கு எந்த வேளை, யாருக்கு எந்த மேஜை என்று ஆள் பிரித்துப் போடுவது அவள் பொறுப்பு. இந்த வாரம் ஒருத்தருக்கும் லீவு கிடையாது என்பது முதலாளி உத்தரவு. இவளுக்கு முன்னால் இருந்தவர் இரக்கப்பட்டு ஒரு சர்வருக்கு லீவு கொடுத்தார். மறுநாள் முதலாளி அவருக்கே நிரந்தர லீவு கொடுத்துவிட்டார்.

அவள் புருஷன் இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தான். வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

"உங்க பெரியப்பாவுக்கு எத்தனை உயிருண்ணே?" என்று கேட்டாள்.

நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் மேடம். மேல எதுவும் கேக்காதீங்க."

பொய் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் கண் கலங்கியிருந்ததே! ஒருவேளை நிஜமாகவே சாவு விழுந்திருந்தால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? அரை மனதாகச் சரி என்றாள்.

மறுநாள் மதியம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நெட்டையனின் ஜன்னலோர மேஜைகளை மற்ற சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தும் சமாளிக்க முடியவில்லை. அவளே தட்டு தூக்கினாள். சர்வர்கள் போகிற போக்கில் முணுமுணுத்தார்கள். நாம் இங்கே நாயாய் அலைகிறோம், துரை வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பான் என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்து கல்லாப் பக்கம் உட்கார்ந்தார்.

ஜன்னலோர மேஜைகளுக்கு யார் என்று அவர் கேட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் சார் என்றாள். அவர் மேலே ஒன்றும் கேட்காததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளி எழுந்து அவளிடமே வந்தார். போச்சு என்று நினைத்தாள்.

"வருஷா வருஷம் இந்த நேரத்துக்குத் தட்டு இல்லாம திண்டாடுவோம். இன்னைக்கு ஒரு தட்டுகூடத் தேங்கலையேம்மா. கழுவுற அம்மாவை ஒரு வார்த்தை பாராட்டிட்டு வரலாம், வா."

பாத்திரம் கழுவுவது கான்ட்ராக்டர் ஆட்களின் வேலை. பின்வாசல் வழியாக வருவார்கள், போவார்கள். ஓட்டல் ஆட்கள் எச்சில் தட்டுகளைச் சுவரிலுள்ள திறப்பு வழியாக உள்ளே தள்ளுவதோடு சரி. அவர்களுக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. வர முடியாவிட்டால் தனக்குப் பதில் ஓர் ஆளை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். ஓட்டல் ஆட்கள் அந்தப் பக்கம் கை வைக்கக் கூடாது. வைத்தால் வைத்தவருக்கும் கழுவுகிற ஆளுக்கும் சேர்த்துக் கல்தா. கான்ட்ராக்டரோடு நடந்த ஏதோ தகராறில் முதலாளி போட்ட சட்டம் அது.

வழியில் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் முதலாளியை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தார். அதற்குள் அந்த அம்மாவைத் தயார்ப்படுத்தலாம் என்று அவள் முன்னால் போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே, முழங்கை வரை ரப்பர் கையுறையோடு, குழாயடியில் இரண்டாக மடிந்து நின்று தட்டு தேய்த்துக்கொண்டிருந்தான் நெட்டையன்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "பெரியப்பாவை இங்கதான் அடக்கம் பண்றீங்களா?"

அவன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான். "அந்தம்மா பொண்ணுக்கு இன்னைக்கு நெஞ்சுல ஆபரேஷன் மேடம். இந்த வாரத்துல மாத்து ஆள் எங்க கிடைக்கும்? வேலை போயிடும்னு அழுதாங்க. போன வருஷமும் இப்படித்தான், வேற ஒருத்தருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்களுக்கும் தெரிஞ்சதா ஆயிடும். மாட்டினா என்னோட போகட்டும்னு விட்டுட்டேன்."

முதலாளியின் செருப்புச் சத்தம் நெருங்கியது. இவன் என்னை ஏமாற்றி லீவு வாங்கினான் சார் என்று கையைக் காட்டினால் போதும், அவள் தலை தப்பிவிடும். நெட்டையனுக்கும் அது தெரிந்திருந்தது. அவன் அவளையே பார்த்தான்.

அவள் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினாள்.

"உள்ள தரையெல்லாம் ஈரம் சார், வழுக்கிடும். நீங்க சொன்னதை நானே அவங்ககிட்ட சொல்லிடறேன்."

முதலாளி தன் பளபளப்பான செருப்பை ஒரு பார்வை பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் கல்லாவுக்குப் போய்ச் சேரும் வரை அவள் கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

பிறகு கதவை லேசாகத் திறந்தாள்.

"அந்தம்மா நாளைக்கு வந்துடுவாங்களா?"

"ரெண்டு நாள் கூடவே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம். நாளைக்கு மத்தியானம் என் வேலை முடிஞ்சதும் நான் வந்துடுவேன். காலையிலதான் யாருன்னு தெரியலை மேடம்."

அவள் ஒரு தரம் கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பயம் போகவில்லை.

"எனக்கு மத்தியானம்தான் வேலை. காலை வேளைக்கு என்னைப் போட்டுக்கங்கண்ணே."