பொடிச் செங்கல் வீடு

சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் மலைக்கோயில் பாதையோரம் கல் அடுக்கிக் கும்பிடுவார்கள். மாயக்காளும் நாலு கல்லை அடுக்கிவிட்டுத் திரும்பியவள், வாயைப் பிளந்தாள். பக்கத்தில் சின்னச்சாமி குட்டிக்குட்டிச் செங்கல்லால் மாடி வீடே கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, இந்தப் பொடிச் செங்கல்ல எங்கன வாங்குனீக?"

"தீப்பெட்டியில அச்சு எடுத்து நானே சுட்டது. சின்ன வயசுலருந்து இது ஒரு கிறுக்கு, தங்கச்சி."

"அதுக்காக மாடியா? சாமியே பயந்துரும்! ஒத்த அறை கேளுங்க, சட்டுன்னு குடுக்கும்."

சின்னச்சாமி சிரித்தார். வைத்த சன்னலைப் பிடுங்கி, ஒரு விரல் தள்ளி வைத்தார்.

"பிச்சுப் பிச்சு வச்சா எப்ப முடியும்? தோராயமா இருந்தாப் போதும்ணே."

"போதாது. அச்சு அசலா இருக்கணும்."

"கட்டாத வீட்டுக்கு ஏதுண்ணே அசலு?"

"கட்டுன வீடுதான். கூடலூர்ல இருக்கு."

"பெறகு சாமிகிட்ட என்னத்தக் கேக்குறீக?"

அவர் குட்டி வாசற்கதவைத் திறந்தே இருக்கும்படி நிறுத்தினார்.

"பர்மா சண்டைக்குப் போன பயலுக எல்லாம் வந்துட்டானுக. எம் மகன் மட்டும் இன்னும் வரல. சாமி அவனைக் கூட்டியாந்தா, எந்த வீட்டுல விடணும்னு தெரியணும்ல?"