நீர்கொழும்புக்கு நாலு நாள்

சோப்புக் கட்டியை இரண்டாக வெட்டி, தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, மனைவி பூவம்மாவின் பைக்குள் வைத்தான் துரை.

"ஓட்டல்ல சோப்பு குடுப்பாங்கயா," என்றாள் அவள்.

"குடுப்பாங்கனு நம்பிப் பூடாத. ஒண்ணு காணாப் பூட்டா இன்னொண்ணு கீதுல்ல."

காசிமேட்டில் மீன் விற்கும் பூவம்மா அன்று மதியம் முதல்முறையாக விமானம் ஏறுகிறாள். இலங்கையில், நீர்கொழும்பில், இரண்டு நாட்டு மீன்காரப் பெண்களும் உட்கார்ந்து பேசும் கூட்டம். சங்கத்திலிருந்து ஆறு பேர் போகிறார்கள். நாலு நாள். பதினோரு மணிக்கு வேனோடு வந்து அழைத்துக்கொள்வதாகச் செயலாளர் நவ்ரீன் சொல்லியிருந்தாள்.

அந்த நாட்டைப் பார்த்த ஆள் வீட்டில் துரை ஒருவன்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் நாலு மாதம் அங்கே இருந்தவன்.

அன்று அவன் கடலுக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

விமானத்தில் காது அடைத்தால் எச்சிலை விழுங்க வேண்டும். இறங்கும்போது காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்போர்ட் தரை சில்லென்று இருக்கும். வெறுங்காலோடு நடந்தால் எல்லாரும் காலையே பார்ப்பார்கள்.

தண்ணீருக்கு 'வதுர'. நன்றிக்கு 'ஸ்துதி'. ஐயாவுக்கு 'மாத்தையா', எதிரில் நிற்பது யாராக இருந்தாலும்.

"மாத்தையானு சொல்லிட்டு அப்பால கேளு. எட்த ஒடனே கேட்டா காதுலயே வாங்க மாட்டாங்க."

"வதுர, வதுர," என்று பூவம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்ன விதத்துக்குத் துரை சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து அவள் இன்னும் இரண்டு தடவை அப்படியே சொன்னாள்.

ரொட்டிக்குப் பாண் என்று பேர். காலையில் கொடுத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். டீயில் பால் இருக்காது. சர்க்கரையை உள்ளங்கையில் வைப்பார்கள். அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும்.

"ஐய, கைலயா?"

"கைலதான். நல்லாத்தான் கீது. இங்க வந்தப்பறமும் கொஞ்ச நாளு அப்டிதான் குடிச்சேன். நீ பாக்கல."

அவள் பார்த்திருந்தாள். சொல்லவில்லை.

எழுத்தெல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கும். புரியாத காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடக்கூடாது. தமிழில் எழுதிக் கேட்க வேண்டும். படுப்பதென்றால் ஜன்னல் பக்கம்தான் படுக்க வேண்டும். செருப்பைத் தலைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

பூவம்மா விடாமல் கேட்டாள். மழை பெய்யுமா? கொசு உண்டா? குளிக்கத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?

குளிக்க வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்றான் துரை. பத்தாவது ஆளுக்கு மேல் தண்ணீர் கலங்கிவிடும்.

அவள் புடவைகளை மடித்து வைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்ததைக் கேட்டாள்.

"மனசு ஒரு மாரியா பூட்டா இன்னாயா பண்றது?"

வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று வீட்டுச் சுவரை அதிரவைத்துக்கொண்டு கடந்து போனது. சத்தம் அடங்குகிறவரை துரை பையின் வாரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அழுவ வந்தா அழுதுடு பூவு. அடக்காத. பக்கத்துல படுத்துகினு கீறவன் முதுவுல தட்டிக் குடுப்பான். சிங்களத்துல இன்னாவோ சொல்லுவான். ஒண்ணியும் புரியாது. ஆனா தூக்கம் வந்துடும்."

"யாரு அது?"

"திலீப்னு ஒருத்தன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. பூவம்மா புடவையைப் போட்டுவிட்டு வந்து அவன் முதுகில் கைவைத்தாள்.

இன்ஜின் நின்றுபோன படகு எல்லை தாண்டி ஒதுங்கியதும், நாலு மாதம் அவன் சிறையில் கிடந்ததும் காசிமேடு முழுக்கத் தெரிந்த கதை. பேப்பரில் போட்டோவோடு வந்தது. ஆனால் துரை மட்டும் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவான். அவள் கேட்டாலும்தான். கேட்டுக் கேட்டு, இரண்டாவது வருடத்தோடு அவளும் விட்டுவிட்டாள்.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

துரை லுங்கி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையைத் தூக்கினான்.

கடலைப் பார்த்த ஓட்டல், ஆளுக்கொரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, ஆறு பேரோடும் கூடவே வரும் தமிழ் பேசும் பெண். எல்லாவற்றையும் நவ்ரீன் போன வாரமே இரண்டு நாள் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். பூவம்மாவுக்கு அத்தனையும் மனப்பாடம்.

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பத்தே நிமிசம்மா நவ்ரீனு!" என்று கத்தினாள்.

திரும்பி வந்து, பையை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"குந்துயா," என்றாள். "அங்க பல்லு வெளக்க இன்னா பண்றது?"