நான்காவது குரல்

எப்சிபா, ஹேமாவதி, விஜய்ராஜ் மூவரும் கல்லூரி நாளிலிருந்தே நண்பர்கள். சனிக்கிழமை காலை வருசநாட்டு மலையில் ஒரு குகைக்குள் கயிறு கட்டி இறங்கினார்கள். இருட்டில் யாரும் தவறிவிடக் கூடாதென்று, குறுகலான இடத்தைத் தாண்டும்போதெல்லாம் எண் சொல்வது அவர்கள் வழக்கம்.

"ஒண்ணு" என்றாள் எப்சிபா. "ரெண்டு" என்றாள் ஹேமாவதி. "மூணு" என்றான் விஜய்ராஜ்.

அவனுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் நிதானமாக "நாலு" என்றது.

முட்டி சிராய்க்க மூவரும் மேலே ஏறி வந்தார்கள். வெயிலுக்கு வந்ததும் விஜய்ராஜ் அவசரமாகக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். எப்சிபா அதைப் பிடுங்கினாள்.

"அங்கன ஆள் இருக்குடா. விட்டுட்டு வரமாட்டேன்."

"அது ஆளுதான்னு எப்படித் தெரியும்?"

"என்னவா வேணாலும் இருக்கட்டும். நம்மகூட சேர்ந்து எண்ணுச்சுல்ல?"

கயிற்றை மறுபடி உள்ளே வீசி, பாறையில் காலை ஊன்றிக்கொண்டாள். "நாலு! கயித்தப் புடி!" என்று கத்தினாள்.

கயிறு விறைத்தது. ஹேமாவதி ஓடிவந்து அவளுக்குப் பின்னால் பிடித்தாள். சற்று நின்று பார்த்துவிட்டு விஜய்ராஜும் வந்தான். மூவரும் இழுத்தார்கள்.

கீழேயிருந்து ஒரு பெண்ணின் குரல் "அஞ்சு" என்றது. அதற்கும் கீழே வேறு யாரோ "ஆறு" என்றார்கள்.

கயிறு இன்னும் கனத்தது. உள்ளங்கை எரிய, எப்சிபா பிடியை மாற்றிக்கொண்டாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க" என்றாள். "நாங்க விடமாட்டோம்."