கரையும் வரை

போன் அடித்தது.

அவர் அவசரமாக மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார்.

தினமும் நடப்பதுதான். விளக்கேற்றி முடித்ததும் பூனாவிலிருந்து மகன் கூப்பிடுவான். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் வாயில் மாத்திரை இருக்கும். நாக்குக்கு அடியில் வைத்து, தானாகக் கரையும் வரை வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர் சொன்னது. டாக்டர் சொன்ன வேறு எதையும் அவர் இவ்வளவு சிரத்தையாகக் கேட்டதில்லை.

மனைவி போனை நீட்டுவாள். அவர் வாயைச் சுட்டிக் காட்டுவார்.

"அப்பா மாத்திரை போட்டிருக்காவ," என்பாள் அவள்.

இப்படியே மாசி வரை ஓட்டியாயிற்று.

மகன்கள் இரட்டையர். முகத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. குரலில் கிடையாது. அடுத்த அறையிலிருந்து ஒருவன் கூப்பிட்டால், "எவம்லே அது?" என்று கேட்டுவிட்டுத்தான் அவர் பதில் சொல்வார்.

உலகு போன ஐப்பசியில் பைக்கில் கிளம்பினான். திரும்பி வரவில்லை.

போனில் கூப்பிடுபவன் நாயகம்.

அவர் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம், காப்பி கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள், ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை போய்த் திரும்பினார். பாதம் மரத்துக் கிடந்தது. முட்டைகூடத் தொடாத வீடு; வைட்டமின் பி-12 ரொம்பக் குறைந்துவிட்டது என்றார் டாக்டர்.

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. மரத்துப்போனதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. மாத்திரையும் கிடைத்துவிட்டது.

இன்று அந்த மாத்திரை மெடிக்கலில் இல்லை. கடைக்காரர் சிவப்பு காப்ஸ்யூல் கொடுத்தார்.

"அதே சத்துதான் சார். மேல்கூடும் சைவம்தான். தண்ணிய குடிச்சு முழுங்கிருங்க, ஒரு நொடி வேலை."

ஒரு நொடிதான். அதற்கப்புறம் வாய் சும்மா இருக்கும். மருந்து வாங்கி வந்த வழியெல்லாம் அவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

காப்ஸ்யூலைப் பிதுக்கி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, அது முழுங்குத மாத்திரைல்லா?" என்றாள் மனைவி.

அவர் வாயைச் சுட்டிக் காட்டினார்.

அவள் அவரையே பார்த்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"எப்பா."

உலகுவின் குரல்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாத்திரை போட்டிருக்கியளா? சரி. கரையட்டும். நான் போன வைக்கல."

அதன் பிறகு அவன் பேசவில்லை. அங்கே ஏதோ ஒரு பஸ் போனது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

கூடு மெல்ல இளகி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு பிளந்தது. வாயெல்லாம் கசப்பு. பக்கத்திலேயே தண்ணீர் டம்ளர் இருந்தது. அவர் தொடவில்லை. துப்பவும் இல்லை.

கண்ணில் நீர் வந்தது. கசப்பினால்தான் என்று நினைத்தார். வழிந்து சட்டையில் விழுந்தபோதும் அப்படியேதான் நினைத்தார்.

அவன் இன்னும் இருந்தான்.

தூள் முழுவதும் இறங்கிவிட்டது. வாயில் ஒன்றுமில்லை.

"கரைஞ்சிட்டா எப்பா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னும் இல்லலே," என்றார்.