பஸ்ரியன் களவெடுத்த வீடு

இந்தக் காலத்து ஆட்களுக்கு வெட்கம் என்ற ஒன்று கிடையாது. தங்க இடமில்லை என்று வந்து நிற்கிறவனுக்கு ஓர் அறையைக் கொடுத்தால், அவன் வீட்டையே அள்ளிக்கொண்டு போய்விடுகிறான். களவு போன தன் வீட்டைக் கண் முன்னாலேயே பார்த்தபடி நின்றார் குஞ்சித்தம்பி.

தேவாலய பேஸ்மென்றில் தமிழ்ச் சங்கத்து நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மேடையில் ஒரு சாப்பாட்டு மேசை. அந்தப் பக்கம் புருசன், இந்தப் பக்கம் பெண்சாதி, நடுவில் மகள்.

"பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, சோறு ஆறுது எண்டு," என்று தகப்பனுக்கு மகளிடம் சேதி கொடுத்தாள் பெண்சாதி.

கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் இருந்த புருசன், "பசியில்லை எண்டு கொம்மாட்டைச் சொல்லு," என்றான்.

குஞ்சித்தம்பிக்குக் காது இரண்டும் சுட்டன. ரொறன்ரோ வெலெஸ்லி வீதி அப்பார்ட்மென்றில் அவரும் மனைவி புஸ்பராணியும் நேருக்கு நேர் பேசி வருசக்கணக்காகிவிட்டது. எதற்குக் கோபித்துக்கொண்டோம் என்பது இருவருக்குமே மறந்துபோய், கோபம் மட்டும் மிச்சம் இருந்தது. உப்புக் குறைந்தாலும் காய்ச்சல் வந்தாலும் சேதி மகள் யோகமலர் வழியாகத்தான் போய் வரும்.

வாசற்படி தாண்டாத இந்த விசயம் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கும் பஸ்ரியன் காதில்தான் விழுந்திருக்க வேண்டும். நாடகத்தை எழுதியவனும் அவன்தான்.

பஸ்ரியன் இலங்கையின் தெற்கே, காலியில் பிறந்து வளர்ந்த தமிழன். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீட்டையும் கடையையும் எரித்துத் துரத்திவிட, ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தவன். பகலில் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுவான், மிச்ச நேரம் குடித்துக்கொண்டே எழுதுவான். எழுதும்போது சிலவேளை அழுகிற சத்தமும் கேட்கும். குடித்துவிட்டு அழுகிறவனை ஒருக்காலும் நம்பக்கூடாது என்பது குஞ்சித்தம்பியின் கட்சி.

ஒத்திகை முடிந்ததும் அவனைப் போய் மறித்தார். யோகமலருக்குப் பேசியிருக்கும் ஸ்காபரோ சண்முகநாதன் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு வருகிறது. தாயும் தகப்பனும் முகம் பார்த்துப் பேசாத வீட்டில் எவன் பெண் எடுப்பான், அந்தக் காட்சியை வெட்டு என்றார்.

"அண்ணை, அது என்ர அப்பாவும் அம்மாவும்," என்றான் பஸ்ரியன். "நடுவில நிக்கிற பிள்ளை நான்தான். நான் நாட்டை விட்டு ஓடின பிறகு, அவை ரெண்டு பேரும் கதைக்காமலே செத்துப்போச்சினம்."

"உப்பிடி ஒரு பழக்கம் உலகத்தில ஒரு வீட்டிலதான் இருக்கும். அது என்ர வீடு," என்றார் குஞ்சித்தம்பி. காட்சியை எடுக்காவிட்டால் அறையை விட்டுப் போ என்றும் சொன்னார். அறையை விடுகிறேன், காட்சியை விட மாட்டேன் என்றுவிட்டு அவன் நடந்தான்.

குஞ்சித்தம்பி மாப்பிள்ளை வீட்டை நினைத்துப் பார்த்தார். மகளுக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளைப் பெடியன் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் அடக்கமாக உட்கார்ந்திருந்தான். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்பதிலிருந்து சாதகப் பொருத்தம் வரை, சண்முகநாதன் எதையும் மகன் பக்கம் திரும்பித்தான் பேசினார். பிள்ளையைக் கேட்காமல் ஒரு துரும்பையும் அசைக்காத குடும்பம் என்று, எவரையும் லேசில் மெச்சாத குஞ்சித்தம்பியே மெச்சிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. சோறு ஆறுகிற கட்டத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. குஞ்சித்தம்பி கழுத்துச் சால்வையை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இரண்டு வரிசை முன்னால் சண்முகநாதன் குடும்பம் மட்டும் சிரிக்கவில்லை. தகப்பன் தலை குனிந்திருந்தார், தாய் இராஜேஸ்வரி கண்ணைத் துடைத்த கைலேஞ்சியைப் பிசைந்துகொண்டிருந்தாள். கடைசியில் மேடையில் மகள் கலியாணம் முடித்துப் போக, புருசனும் பெண்சாதியும் வெறும் கதிரையை நடுவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். திரை விழுந்தபோது கைதட்ட ஒருவருக்கும் கை எழவில்லை.

சம்பந்தம் முறிந்தது என்று குஞ்சித்தம்பிக்கு நிச்சயமாகிவிட்டது. குளிர் உடுப்பு மாட்டியிருந்த இடத்தில் அவர்களைப் பிடித்தார். அது காலியில் நடந்த கதை, எங்களோடு சம்பந்தமே இல்லை என்று பஸ்ரியன் சொன்னதையே எடுத்துவிட வாயைத் திறந்தார்.

சண்முகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோளோடு தோள் முட்ட நின்ற மனைவியைத் தாண்டி, மகனைப் பார்த்தார்.

"தம்பி, கொம்மாவைக் கேள், கலியாணத்துக்கு நாள் பாப்பமோ எண்டு."

இராஜேஸ்வரி தன் சப்பாத்தைப் பார்த்தபடி, "ஓம் எண்டு சொல்லு, தம்பி," என்றாள்.

யோகமலர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேடை ஓரத்தில் நின்ற பஸ்ரியன் குஞ்சித்தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அவர் அவனைக் காணாத மாதிரிக் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பெண்சாதியும் மகளும் பின்னால் வர விறுவிறு என்று படியேறினார். வெளியே பனியில் கால் வைத்ததும்தான் வாய் திறந்தார்.

"பிள்ளை, கொம்மாட்டைச் சொல்லு, உவன் பஸ்ரியன் அவையின்ர வீட்டிலையும் வாடகைக்கு இருந்திருக்கிறான்."